நூற்றைம்பது ரூபாய் ரோபோவும் பூட்டிய வொர்க்ஷாப்பும்

மினி புராஜெக்ட் தலைப்புக் கொடுக்க வேண்டிய தேதி நெருங்கிவிட்டது. வாட்ஸ்அப் குரூப்பில் வழக்கமான பட்டியல் சுற்ற ஆரம்பித்தாச்சு. லைன் ஃபாலோயர் ரோபோ, ஸ்மார்ட் டஸ்ட்பின், பார்வையற்றோருக்கான அல்ட்ராசோனிக் கைத்தடி, தானாகத் தண்ணீர் ஊற்றும் பூந்தொட்டி. நாலுமே நல்ல ஐடியாதான், முதல் தடவை செய்தவர்களுக்கு. இப்போ நாலுக்கும் கிட் கிடைக்குது. போர்டு, சென்சார், கோடு, ரிப்போர்ட், பிபிடி எல்லாம் ஒரே பையில். வயரை மாட்டினால் ஓடும். வைவாவில் "இந்த ரெசிஸ்டர் ஏன் இங்க இருக்கு?" என்று கேட்டால்தான் வண்டி நிற்கும்.

நான் வேற ஒரு தலைப்பு சொல்றேன். சிரிக்காமல் முழுசாகப் படியுங்கள். வைகாசி கருட சேவைக்கு வரதராஜப் பெருமாள் கோயில் பக்கமோ, பங்குனி உத்திரத்துக்கு ஏகாம்பரநாதர் கோயில் பக்கமோ போனால், தரைக்கடையில் பிளாஸ்டிக் கவரில் தொங்கும் பாருங்கள், காராக இருந்து ரோபோவாக மாறும் பொம்மை. நூறு, நூற்றைம்பது ரூபாய் சொல்வார்கள். அதை வாங்கி, உங்களிடம் இருக்கும் சின்னச் சின்னக் கருவிகளை மட்டும் வைத்து, ஒழுங்காக நிற்கிற, ஒழுங்காக மாறுகிற ஒரு பொருளாக ஆக்குங்கள். நாலு வருஷப் படிப்பில் நாம் தொடாமலே தாண்டிப் போகும் பல விஷயங்களை அது தொட வைக்கும். இதுதான் என் கட்சி.

பொம்மைக்குள்ள இருக்கிற பாடம்

தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூப்பையும் வைத்துப் பாடம் நடத்திய ஒருவரைப் பற்றி முதலில் சொல்லணும். அரவிந்த் குப்தா, ஐஐடி கான்பூரில் 1975-இல் பட்டம் பெற்றவர். புனேயில் டெல்கோ நிறுவனத்தில் வேலை பார்த்தவர். 1978-இல் விடுப்பு எடுத்துக்கொண்டு மத்தியப் பிரதேசத்தில் நடந்த ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டத்துக்குப் போனார். கிராமத்துப் பிள்ளைகளுக்கு அவர் கையில் எடுத்தது, யாரும் காசு கொடுத்து வாங்க வேண்டியிராத பொருட்களை. வால்வு டியூப்பைச் சின்னத் துண்டாக வெட்டி, இரண்டு பக்கமும் தீக்குச்சியைச் செருகினால் அது ஒரு மூட்டு. மூணு குச்சியில் முக்கோணம் செய்தால் அசையாது. நாலு குச்சியில் சதுரம் செய்தால் சாய்ந்து சாய்ந்து ஆடும். 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். ஆனால் நமக்கு வேண்டியது அந்த முக்கோணமும் சதுரமும்தான்.

ஏனென்றால் உருமாறும் ரோபோ என்பதே இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் சண்டை. மாறும்போது அது சதுரம் மாதிரி ஆடணும். மாறி முடிந்ததும் முக்கோணம் மாதிரி நிற்கணும். ஒரே உடம்பு, இரண்டு வேலை. "கைனமேட்டிக்ஸ் ஆஃப் மெஷினரி" பாடத்தில் நாலு கம்பி இணைப்பு, சுதந்திரப் படி என்று பக்கம் பக்கமாகக் கணக்குப் போட்டோமே, அதெல்லாம் இந்தப் பொம்மையின் இடுப்புக்குள் இருக்கு. கீல், வழுக்கும் பள்ளம், பந்து மூட்டு, பூட்டிக்கொள்ளும் கொக்கி. அவ்வளவுதான் சொற்கள். அந்த நாலு சொல்லை வைத்து ஒரு காரை மனிதனாக எழுதியிருக்கிறார்கள்.

மலிவுப் பொம்மையில் முதலில் காணாமல் போவது அந்தப் பூட்டும் கொக்கி. அச்சு செய்யும் செலவைக் குறைக்க, பாகங்களின் எண்ணிக்கையைக் குறைக்கிறார்கள். கொக்கி இல்லாத கால், மாறிய பிறகும் ஆடிக்கொண்டே இருக்கும். காரின் பானெட் முழுசும் முதுகில் மூட்டையாகத் தொங்கும். எடை பின்னால் போய், குதிகாலுக்கு வெளியே விழுந்துவிடும். அதனால்தான் வாங்கிய அன்றைக்கே அந்த ரோபோ மல்லாக்க விழுகிறது. குழந்தை அழுகிறது, அம்மா "நூத்தம்பது ரூபா போச்சு" என்கிறார். நாம் பார்க்க வேண்டியது, புவியீர்ப்பு மையம் பாதங்களின் பரப்புக்கு வெளியே போய்விட்ட ஒரு கட்டமைப்பை. முதல் வருஷ எஞ்சினியரிங் மெக்கானிக்ஸ், கண்ணுக்கு முன்னாடி.

இந்தப் பொம்மையின் பூர்வீகமே மாற்றிச் செய்ததுதான்

"கம்பெனிக்காரன் செய்ததை நாம மாத்தலாமா?" என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு சின்ன வரலாறு. ஜப்பானின் தக்காரா நிறுவனத்திடம் டயாக்ளோன், மைக்ரோ சேஞ்ச் என்று இரண்டு தனித்தனி பொம்மை வரிசைகள் இருந்தன. டயாக்ளோன் 1980-இல் தொடங்கியது. அதன் கார் ரோபோக்களுக்குள் குட்டி ஓட்டுநர் உட்காருவார். மைக்ரோ சேஞ்சில் துப்பாக்கி, கேசட் மாதிரி வீட்டில் கிடக்கும் பொருட்கள் ரோபோவாக மாறும். அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ இந்த இரண்டு வரிசையிலிருந்தும் பொம்மைகளை எடுத்து, ஒன்றாகக் கலந்து, புதுப் பெயர் வைத்து, மார்வெல் எழுத்தாளர்களை வைத்துக் கதை எழுதி, 1984-இல் "டிரான்ஸ்ஃபார்மர்ஸ்" என்று விற்றது. ஆப்டிமஸ் பிரைம் டயாக்ளோன் வீட்டுப் பிள்ளை. மெகாட்ரானும் பம்பிள்பீயும் மைக்ரோ சேஞ்ச் வீட்டுப் பிள்ளைகள். ஒரே கதையில் லாரியும் கைத்துப்பாக்கியும் ஒரே உயரத்தில் நின்று சண்டை போடும் விசித்திரத்துக்குக் காரணம் இதுதான். அப்போது பம்பிள்பீ ஒரு குட்டி வோக்ஸ்வேகன். 2007 படத்தில்தான் அது மஞ்சள் கமாரோ ஆனது. நம்ம ஊர் திருவிழாக் கடையில் தொங்கும் மஞ்சள் காரெல்லாம் அந்தப் படத்தின் பேரப்பிள்ளைகள்.

நமக்குப் பக்கத்திலேயே ஒரு கதை உண்டு. எம்ஆர்எஃப் குழுமமும் ஹாஸ்ப்ரோவும் சேர்ந்து தொடங்கிய ஃபன்ஸ்கூல் நிறுவனம் 1987-லிருந்து இருக்கிறது. கோவாவிலும் நம்ம பக்கத்து ராணிப்பேட்டையிலும் அதற்கு ஆலைகள் உண்டு. ஹாஸ்ப்ரோவின் ஜி.ஐ. ஜோ பொம்மைகளை அவர்கள் இந்தியாவில் செய்தபோது, அமெரிக்காவில் வராத நிறங்களிலும், ஒன்றின் தலை இன்னொன்றின் உடம்பு என்ற கலவையிலும் சில வெளிவந்தன. இன்றைக்கு வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் அந்த "விசித்திர" இந்தியப் பொம்மைகளைத் தேடிப் பிடிக்கிறார்கள். ஆக, இருக்கிற அச்சை எடுத்து வேறொன்றாக ஆக்குவது இந்தத் தொழிலில் ஆரம்பத்திலிருந்தே நடக்கிறது. அவர்கள் பெரிய ஆலையில் செய்ததை, நீங்கள் ஹாஸ்டல் மேசையில் சின்ன அளவில் செய்யப் போகிறீர்கள்.

ஒரு எல்லை மட்டும். உங்கள் காசில் வாங்கியதை உங்களுக்காக மாற்றுவது வேறு. அதை ஒரிஜினல் என்று சொல்லி விற்பது வேறு. இரண்டாவதை நான் ஆதரிக்கவில்லை.

என்ன கருவி, என்ன பொருள்

நட்சத்திர முனை ஸ்க்ரூ டிரைவர் செட், கட்டர் பிளேடு, சின்ன அரம் ஒன்று, 220, 400, 800 நம்பர் உப்புத்தாள், ஃபெவிக்விக், எம்-சீல், பழைய டூத் பிரஷ், தீர்ந்துபோன பால்பாயின்ட் பேனா, காலாவதியான ஏடிஎம் கார்டு, சைக்கிள் கடையில் சும்மா கொடுக்கும் உடைந்த ஸ்போக் கம்பி. ஸ்போக் சுமார் 2 மி.மீ. தடிமன், பொம்மைக் கீலுக்கு அளவெடுத்த மாதிரி அச்சாணி. பேனாவுக்குள் ஸ்பிரிங் இருக்கு. ஏடிஎம் கார்டு நல்ல பிவிசி தகடு. இதில் எதற்கும் ஆன்லைன் ஆர்டர் தேவையில்லை.

முதல் நாள் கழற்றுவது மட்டும். ஒவ்வொரு படியையும் போனில் படம் எடுங்கள். ஸ்க்ரூக்களை ஒரு பேப்பரில் பொம்மையின் படம் வரைந்து, எங்கே இருந்ததோ அங்கே செலோடேப் போட்டு ஒட்டுங்கள். எல்லாம் ஒரே மாதிரி தெரியும், நீளம் வேறாக இருக்கும். திரும்ப மாட்டும்போது ஸ்க்ரூவை முதலில் இடப்பக்கமாக, அதாவது கழற்றும் பக்கமாகத் திருப்புங்கள். "டிக்" என்று பழைய மரையில் உட்காரும். அதன் பிறகு இறுக்குங்கள். இந்த ஒரு பழக்கம் இல்லாததால்தான் பிளாஸ்டிக்கில் மரை தேய்ந்து, "இது அவ்ளோதான்" என்று குப்பைக்குப் போகும் பொருட்கள் ஏராளம்.

இரண்டாவது நாள் பிளாஸ்டிக்கை அடையாளம் காண்பது. நாம் எல்லோரும் "பிளாஸ்டிக்" என்று ஒரே பெயரில் கூப்பிடுவதற்குள் பல சாதி இருக்கு. வெளியே தெரியாத இடத்திலிருந்து நகக்கண் அளவு சீவி, இரண்டு சொட்டு சோப்பு கலந்த தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் பாலிபுரொப்பிலீன் அல்லது பாலிஎதிலீன். மூழ்கினால், தண்ணீரில் இனி கரையாது என்கிற அளவுக்கு உப்பைப் போட்டுக் கலக்குங்கள். இப்போது மேலே வந்தால் ஏபிஎஸ் அல்லது பாலிஸ்டைரின். அப்பவும் அடியிலேயே கிடந்தால் பெரும்பாலும் பிவிசி. ஏபிஎஸ்ஸின் அடர்த்தி 1.04 பக்கம், உப்பு நிறைந்த தண்ணீர் 1.2, பிவிசி 1.3-க்கு மேல் போகும். ஒரு டம்ளர், ஒரு கைப்பிடி உப்பு. மெட்டீரியல் சயன்ஸ் லேப் முடிந்தது.

இது வெறும் விளையாட்டுச் சோதனை இல்லை. அடுத்த எல்லா முடிவும் இதை வைத்துத்தான். ஏபிஎஸ் என்றால் ஃபெவிக்விக் பிடிக்கும். அசிட்டோன் உள்ள நெயில் பாலிஷ் ரிமூவரில் அதே பிளாஸ்டிக்கின் துண்டுகளைக் கரைத்தால் பசை மாதிரி ஆகும், விரிசலை அதை வைத்தே ஒன்றாக்கிவிடலாம். ஜன்னல் திறந்திருக்கணும், பக்கத்தில் நெருப்பு கூடாது. பிவிசி வளைந்திருந்தால் கொதிக்கிற தண்ணீரில் ஒரு நிமிடம் போட்டு நேராக்கி, குளிர்ந்த தண்ணீரில் முக்கினால் நேராகவே நிற்கும். ஏபிஎஸ் சுமார் 105 டிகிரியில்தான் இளகும் என்பதால் அதே கொதிநீர் அதனிடம் அவ்வளவாகச் செல்லாது. பாலிபுரொப்பிலீனோ யாருக்கும் கட்டுப்படாது. ஷாம்பு பாட்டில் மூடியின் மெல்லிய கீல் ஆயிரம் தடவை திறந்தாலும் அறுந்து போகாத அந்தப் பொருள், சாதாரணப் பசை எதையும் தன்மேல் ஒட்டவிடாது.

ஒட்டுறது வேற, கோர்க்கிறது வேற

அப்போ பாலிபுரொப்பிலீன் கால் உடைந்தால் என்ன செய்வது? இங்கேதான் நம்ம ஊர் கை கொடுக்குது.

காஞ்சிபுரம் பட்டில் உடலும் கரையும் வேற வேற நிறமாக இருந்தும் பிரிந்து வராமல் இருப்பதற்குப் பெயர் கோர்வை. தனித்தனியாக நெய்து ஒட்டியதோ தைத்ததோ கிடையாது. உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் ஒவ்வொரு நாடா என்று மூன்று நாடா ஓடும். ஒவ்வொரு ஊடையிலும் உடலின் இழை கரையின் இழையைப் பிடித்துக்கொண்டு திரும்பும். அதனால்தான் ஒரு தறியில் இரண்டு பேர் உட்காரணும், வேலையும் மெதுவாகத்தான் போகும். நம்ம கிளாஸில் பாதிப் பேர் வீட்டில், இல்லைன்னா பக்கத்து வீட்டில், இதைப் பார்த்தே வளர்ந்திருப்போம். ஆனால் "இது ஒரு ஜாயின்ட் டிசைன்" என்று யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை. நாமும் அப்படிப் பார்த்ததில்லை.

பசை ஒட்டாத பிளாஸ்டிக்கில் இதைத்தான் செய்யணும். உடைந்த இரண்டு பக்கமும் சூடாக்கிய ஊசியால் வரிசையாகத் துளை போட்டு, பழைய ஹெட்போன் வயரிலிருந்து எடுத்த செம்புக் கம்பியால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கோர்த்து இறுக்குங்கள். அதன் மேல் எம்-சீல் வைத்து, அது துளைக்குள்ளும் கம்பிக்கடியிலும் புகுந்து அடுத்த பக்கம் வரும்படி அழுத்துங்கள். எம்-சீல் அந்தப் பிளாஸ்டிக்கை ஒட்டிப் பிடிக்கவில்லை, கட்டிப் பிடித்திருக்கிறது. வடிவத்தால் நிற்கும் இணைப்பு, பசையால் நிற்கும் இணைப்பு என்று இரண்டு இருக்கு. இந்த வேறுபாட்டைப் புத்தகத்தில் படிப்பதற்கும், கையில் வந்துவிட்ட ஒரு காலை வைத்துப் புரிந்துகொள்வதற்கும் ரொம்ப தூரம்.

தளர்ந்த மூட்டுக்கு மருந்து இன்னும் எளிது. பந்து மூட்டைக் கழற்றி, பந்தின் மேல் ஃபெவிக்விக்கை மெல்லிசாகத் தடவி, கழற்றிய நிலையிலேயே முழுசாகக் காயவிட்டு, பிறகு மாட்டுங்கள். பந்து ஒரு முடியளவு பருத்திருக்கும், உராய்வு கூடும். அதிகமாகிவிட்டால் உப்புத்தாள் இருக்கு. பயமாக இருந்தால் ஃபெவிகால் தடவிக் காயவிடுங்கள், வேண்டாமென்றால் தண்ணீரில் ஊறவைத்து உரித்துவிடலாம். கொக்கி இல்லாத காலுக்கு ஏடிஎம் கார்டில் ஒரு நாக்கு வெட்டி ஒட்டி, எதிர்ப் பக்கம் அது உட்காரும் பள்ளத்தை அரத்தால் ராவுங்கள். மல்லாக்க விழுகிற ரோபோவுக்குக் குதிகாலில் அதே கார்டில் ஒரு முட்டுக் கொடுங்கள், இல்லையென்றால் பாதத்துக்குள் இரண்டு நட்டைப் போட்டு எடையைக் கீழே இறக்குங்கள். இரண்டில் எது நல்லது என்று கேட்டால் பதில் ஒன்றே கிடையாது. முட்டு, கார் உருவில் எங்கேயாவது இடிக்கும். நட்டு எடை கூட்டும், இடுப்பு மூட்டு தளரும். ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று முறுக்கிக்கொள்ளும். டிசைன் என்பது அந்தப் பேரம்தான், கிட்டில் அது வராது.

பொம்மைக்காரத் தெருவில் கேளுங்கள்

வண்ணம் அடிப்பதற்கு முன்னால் ஒரு நடை பொம்மைக்காரத் தெருவுக்குப் போய்விட்டு வாருங்கள். நவராத்திரி கொலு பொம்மைகளுக்குப் பெயர்போன தெரு. 2019-இல் நாற்பது வருஷம் கழித்து அத்தி வரதர் ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை தரிசனம் கொடுத்தபோது, அந்த வருஷக் கொலுவுக்கு வீடுதோறும் தேடிய அத்தி வரதர் பொம்மை இங்கேயும் அச்சில் எழுந்தது.

அங்கே காகிதக் கூழில் பொம்மை செய்யும் முறையைப் பாருங்கள். முன்பாதி ஒரு அச்சு, பின்பாதி ஒரு அச்சு. காய்ந்ததும் இரண்டையும் சேர்க்கிறார்கள். சேர்த்த கோட்டை அடைக்கிறார்கள். தேய்க்கிறார்கள். வெள்ளைப் பூச்சு. அதற்கப்புறம்தான் நிறம், கடைசியில் கண். நம்ம ரோபோவும் அப்படியே இரண்டு பாதி அச்சில் பிறந்ததுதான். உடம்பின் பக்கவாட்டில் ஓடும் மெல்லிய கோடு அதன் தழும்பு. அதை 220-இல் தேய்த்து, 400, 800 என்று இறங்கி, பாத்திர சோப்பில் கழுவி எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கி, பிரைமர் அடித்து, அதன் பிறகு நிறத்தை மெல்லிசாக மூணு நாலு தடவை. தெருவில் தலைமுறையாகச் செய்யும் வரிசைக்கும் நம்ம வரிசைக்கும் வித்தியாசமே இல்லை. ஒரு வேறுபாடு உண்டு. கொலு பொம்மை அசையாது, நம்மது அசையும். மூட்டின் உள்முகத்தில் நிறம் படக் கூடாது. ஒரு கோட்டின் தடிமனே இடைவெளியைத் தின்றுவிடும், முதல் தடவை மாற்றும்போதே பெயர்ந்து வரும். அந்த இடங்களுக்கு டேப் ஒட்டிவிட்டு அடியுங்கள்.

நெயில் பாலிஷ் சின்ன இடங்களுக்கு ஓகே, ஆனால் மெதுவான பிவிசியில் அடித்தால் பல மாதம் பிசுபிசுவென்றே இருக்கும். பிளாஸ்டிக்கை இளக்கப் போட்ட எண்ணெய் மேலே வந்து அதைக் காயவிடாது. ஐப்பசி மழையில் ஸ்பிரே அடித்தால் லாக்கர் வெளுத்துப் பூத்துவிடும். காற்றின் ஈரம் அதில் மாட்டிக்கொள்கிறது. மழை நாளில் தெருவில் பாவு விரிக்க முடியாமல் காத்திருக்கும் நெசவாளிக்கு இருக்கும் பொறுமை நமக்கும் வேணும்.

குழந்தைகள் விஷயத்தில் மட்டும் விளையாட வேண்டாம். பதினாலு வயதுக்குட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். பொம்மை இறக்குமதி வரி 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகி, 2023-இல் 70 ஆனது. இவ்வளவு நடந்தும் முத்திரையில்லாத பெட்டிகள் திருவிழாக் கடைக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன. அதன் நிறத்தில் என்ன இருக்கிறது என்று நம்மால் மேசையில் வைத்துச் சோதிக்க முடியாது. அதைத் தேய்க்கும்போது முகக்கவசம் போட்டு, ஈர உப்புத்தாளில் தேயுங்கள். கண்ணில் எல்இடி வைக்கிறேன் என்று பட்டன் பேட்டரி போட்டால், அதன் மூடியை ஸ்க்ரூ போட்டுப் பூட்டுங்கள். விழுங்கிய பட்டன் பேட்டரி இரண்டு மணி நேரத்தில் உணவுக்குழாயைப் பொசுக்கிவிடும். நீங்கள் மாற்றிய ரோபோ உங்கள் அலமாரிக்கு. தம்பி, தங்கை கையில் கொடுக்க முத்திரை உள்ளதை வாங்குங்கள்.

"இதெல்லாம் பிளேஸ்மென்டுக்கு ஆகுமா?"

இந்தக் கேள்வி வரும்னு தெரியும். நம்ம மாவட்டத்தில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-லிருந்து கார் செய்கிறது. ஒரகடத்தில் ரெனோவும் நிசானும் சேர்ந்து தொடங்கிய ஆலை 2010-லிருந்து ஓடுகிறது. நம்ம சீனியர்கள் பல பேர் காலை ஷிப்ட் பஸ்ஸில் அந்தப் பக்கம்தான் போகிறார்கள். ஒரு கதவு ஏன் சரியாக உட்காரவில்லை, ஒரு கொக்கி ஏன் ஆயிரத்தில் ஒன்று உடைகிறது, எவ்வளவு இடைவெளி விட்டால் சத்தம் வராது என்பதுதான் அங்கே தினசரிப் பேச்சு. நூற்றைம்பது ரூபாய் ரோபோவின் கதவிலும் அதே பேச்சுதான். பொம்மை செய்ததால் வேலை கிடைக்கும் என்று நான் உத்தரவாதம் தரவில்லை. ஆனால் "உங்க புராஜெக்ட்ல எது வேலை செய்யல, ஏன்?" என்ற கேள்விக்கு, ரெடிமேட் கிட் வாங்கியவனை விட நீங்கள் நீளமாகப் பேசுவீர்கள்.

இன்னொரு ஆட்சேபணை இதைவிடக் கனமானது. "இல்லாததை வைத்துச் சமாளிப்பதைப் புகழ்ந்து புகழ்ந்தே நமக்கு எதுவும் கொடுக்காமல் விட்டுவிடுகிறார்கள். ஜுகாட் என்று பெயர் வைத்துவிட்டால் லேப் வாங்க வேண்டாமே?" இதில் உண்மை இருக்கு. பற்றாக்குறையை நான் கும்பிடவில்லை. சூடான ஊசியால் துளை போடுவதில் எந்தப் பெருமையும் இல்லை, டிரில் இருந்தால் டிரில்தான் சரி. தறியில் குனிந்து குனிந்து முதுகு போன தாத்தாவிடம் போய் "கைவினை அழகு" என்று பேசினால் அவர் என்ன சொல்வார் என்று நமக்குத் தெரியும்.

அதனால்தான் என் கட்சியின் இரண்டாவது பாதி மாணவர்களைப் பார்த்து இல்லை, கல்லூரிகளைப் பார்த்து. நம்ம மாதிரி கல்லூரிகளில் வொர்க்ஷாப்பில் லேத் இருக்கு, டிரில்லிங் மெஷின் இருக்கு, சில இடங்களில் 3டி பிரின்டர்கூட இருக்கு, கண்ணாடி அறைக்குள், கவர் போட்டு. இன்ஸ்பெக்ஷன் வரும் வாரம் கவர் எடுக்கப்படும். மற்ற நாளில் லேப் நேரம் முடிந்ததும் பூட்டு. சாவி கேட்டால் "எந்த சப்ஜெக்ட்? எந்த எக்ஸ்பெரிமென்ட்?" என்று கேட்பார்கள். பட்டியலில் இல்லாத ஒன்றைச் செய்து பார்க்க ஒரு மாணவனுக்கு இடம் கிடையாது. அதனால்தான் எல்லோரும் பட்டியலில் இருப்பதையே வாங்கி வருகிறார்கள். ரெடிமேட் புராஜெக்டுக்கு மாணவர்களின் சோம்பலை மட்டும் காரணம் சொல்வது நியாயமில்லை.

அது எதற்குப் பயன்படும் என்று தெரியாமல் வாங்கிய கருவியும், கருவியே இல்லாத கையும் ஒரே கட்டடத்தில் இருக்கின்றன. நடுவில் ஒரு பூட்டு. பத்து நாள் அரத்தால் ராவி ஒரு கீல் செய்தவனிடம் 3டி பிரின்டரைக் கொடுங்கள். அவனுக்கு எவ்வளவு இடைவெளி விடணும், எந்தத் திசையில் பிரின்ட் செய்தால் கொக்கி உடையாது என்று கேட்கவாவது தெரியும்.

ஒரு நேரடியான கோரிக்கை

அடுத்த செமஸ்டரில் ஒரே ஒரு மாதம். ஒவ்வொரு டீமுக்கும் ஒரே மாதிரி, ஒரே விலைப் பொம்மை. பொம்மை போக மேல்செலவு இருநூறு ரூபாய்க்கு மேல் கூடாது, ரசீது காட்டணும். செய்த ஒவ்வொரு மாற்றமும், வேலை செய்யாமல் போனதும் சேர்த்து, ஒரு நோட்டில் கையால் எழுதணும். பிபிடி வேண்டாம்.

மதிப்பெண் அழகுக்கு இல்லை. நூறு தடவை காராகவும் ரோபோவாகவும் மாற்றணும், எந்தப் பாகமும் கழலக் கூடாது. பத்து டிகிரி சாய்வில் ரோபோ ஒரு நிமிடம் நிற்கணும். மேசை உயரத்திலிருந்து மூணு தடவை விழுந்து எழணும். உடைந்தால், ஏன் உடைந்தது என்று அங்கேயே சொல்லணும். அந்தப் பதிலுக்குத்தான் பாதி மதிப்பெண்.

நடுவர்கள் மூணு பேர். ஒருவர் நம்ம டிபார்ட்மென்ட் சார் அல்லது மேடம். ஒருவர் பொம்மைக்காரத் தெருவிலிருந்து. ஒருவர் கோர்வை நெய்யும் நெசவாளி. மூணு பேருக்கும் ஒரே மாதிரி நாற்காலி, ஒரே மாதிரி மதிப்பெண் தாள், ஒரே மாதிரி மதிப்பூதியம். சால்வை போட்டு அனுப்பிவிடும் விருந்தினர்களாக அவர்களைக் கூப்பிட வேண்டாம், கேள்வி கேட்கக் கூப்பிடுங்கள். நம்ம ஃபைலட் வெல்டு, நம்ம ஸ்னாப் ஃபிட், நம்ம பசை எல்லாவற்றையும் அவர்கள் கையில் எடுத்து இழுத்துப் பார்க்கட்டும்.

அந்த ஒரு மாதம், வாரத்தில் இரண்டு நாள், மாலை நாலரையிலிருந்து ஏழு வரை வொர்க்ஷாப் திறந்திருக்கணும். பாதுகாப்புக்கு ஒரு லேப் அசிஸ்டென்ட், அவருக்கு அந்த நேரத்துக்குச் சம்பளம். வந்தவர் பெயரை எழுத ஒரு ரிஜிஸ்டர். இவ்வளவுதான் செலவு. ஒரு சிம்போசியத்துக்கு நாம் அடிக்கும் ஃபிளெக்ஸ் பேனர் காசில் இது முடிந்துவிடும்.

இதைப் படித்து ஒத்துக்கொள்பவர்கள் உங்கள் கிளாஸ் ரெப்பிடம் பெயர் கொடுங்கள். முப்பது பேர் சேர்ந்தால் கோரிக்கைக் கடிதத்தை எச்ஓடியிடம் சேர்த்துக் கொடுக்கலாம். ஒத்துக்கொள்ளாதவர்கள் அடுத்த இதழுக்கு மறுப்பு எழுதி அனுப்புங்கள். ஆனால் எழுதுவதற்கு முன்னால் ஒரு பொம்மையை வாங்கிக் கழற்றிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.